கோக்கி மசூரின் காது

1995 ஓகஸ்ட் தொடக்கம் 2007 ஓகஸ்ட் வரை சாய்ந்தமருது மசூர் அரசாங்கச் சம்பளத்துக்கு ஒட்டுக்கேட்டார். வேலியோரம் நின்று அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்கிறவருக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சும். மசூருக்குச் சீருடை, சப்பாத்து, அவ்வப்போது லீவு, முடிவில் பென்சன் எல்லாம் கிடைத்தன. கிடைக்காதது ஒன்றுதான்: அவர் சொன்னதை அப்படியே நம்புகிற ஆள்.

இராணுவத்தில் சேரப் போன அன்று, வரிசையில் நின்ற எல்லோரிடமும் கேட்ட கேள்வியைத்தான் அவரிடமும் கேட்டார்கள். வீட்டில் என்ன பாஷை? தமிழ் என்றார் மசூர். எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. பக்கத்தில் நின்ற இளைஞன் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான். பெயர் முஸ்லிம் என்கிறது, வாய் தமிழ் என்கிறது, இவனை எந்தக் கூடையில் போடுவது என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. கடைசியில் இரண்டு கூடையிலும் போட்டார்கள். வோக்கி செட்டில் புலிகள் கதைப்பதைக் கேட்டுச் சிங்களத்தில் எழுதித் தரும் வேலை அவருக்கு. எழுதுவது உண்மைதானா என்று பார்க்க அவருக்குப் பின்னால் இன்னொரு ஆள்.

அந்த ஆளின் பெயர் ஜயசேன. அனுராதபுரத்துக்காரர். தமிழில் ஒரு சொல் தெரியாது. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. இரண்டாவது ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மசூரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு வேலை. மசூர் சிரித்தால் ஏன் சிரிக்கிறாய் என்பார். சிரிக்காவிட்டால், நேற்றுச் சிரித்தாயே, இன்றைக்கு என்ன என்பார். அறைக்குள் போகும்போது மசூரின் பொக்கற்றைத் தடவிப் பார்ப்பார்கள், வெளியே வரும்போதும் தடவுவார்கள். துவக்கு ஜயசேனவின் மடியில் இருக்கும். மாலையானதும் அதிகாரி வந்து ஜயசேனவிடம் கேட்பார்:

“இவன் எழுதினது உண்மையா?”

“உண்மை சேர்.”

மசூர் பொய் சொல்லவில்லை என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லியே ஜயசேன சார்ஜன்ட் ஆனார். உண்மையை எழுதிய மசூர் லான்ஸ் கோப்ரலாகவே இருந்தார்.

செய்யும் வேலையை வீட்டில் சொல்லக்கூடாது என்பது கட்டளை. முதல் லீவில் வந்த மசூர், மனைவி ஆசியா உம்மாவிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னார். கோக்கி வேலை, முகாமில் சமைக்கிறேன் என்றார். நல்ல பொய் என்றுதான் நினைத்தார். சாய்ந்தமருதில் கலியாணம் நடக்கும், கந்தூரி நடக்கும் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. மறுநாளே வாசலில் ஆள் நின்றது.

“மசூர் காக்கா, நாளைக்கு முந்நூறு பேருக்குப் பிரியாணி. ஆமிக்கே ஆக்கிற கைக்கு இது ஒரு வேலையா?”

“ஆமிக்கு ஆக்கிற கை வெளிய ஆக்கக் கூடாதுடா. சட்டம்.”

“அப்ப வந்து உப்பு மட்டும் பாருங்க.”

போய் உப்புப் பார்த்தார். திறமாக இருக்கிறது என்றார். அந்தப் பிரியாணியை அந்தத் தெரு ஆடுகளும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரில் மூன்று மசூர்கள் இருந்தார்கள், இவர் கோக்கி மசூர். ஒரு நாள் ஆசியா உம்மா காய்ச்சலில் படுத்தபோது ஒரு முட்டை பொரித்துத் தரச் சொன்னார். வந்ததைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இந்த யுத்தம் ஏன் இத்தனை வருடமாக முடியாமல் இழுபடுகிறது என்ற காரணத்தை அன்று கண்டுபிடித்தார்.

லீவில் வரும்போது மசூர் சாதாரண உடுப்பில் வருவார். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்துவார்கள். தமிழ் கதைக்கிறவர்கள் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். மசூரும் இறங்கி நிற்பார். மீசை முளைக்காத சிப்பாய் வந்து யார் நீ, எங்கே வேலை, எந்த முகாம் என்று கேட்பான். வேலை இரகசியம், எதையும் சொல்லக்கூடாது. வெயிலில் கைகளை உயர்த்திக்கொண்டு நிற்பார். வருடங்கள் போகப் போக, யாரும் சொல்லாமலே அவருடைய கைகள் தாமாக உயரப் பழகின.

மறுபக்கத்தில் எத்தனையோ குரல்கள் இருந்தன. மசூருக்கு அவற்றில் ஒன்று மட்டும் வேறு. கொஞ்சம் வயதான குரல், முன்பற்களின் இடைவெளியில் காற்று நுழைகிற குரல். யாரோடு கதைத்தாலும் மருமகன் என்றுதான் கூப்பிடும்.

“மருமகன், கேக்குதா? பொறு, வெத்திலையத் துப்பிட்டு வாறன்.”

அவர் துப்பி முடிக்கும் வரை யுத்தம் நின்று காத்திருக்கும். முகாமில் அந்தக் குரலுக்கு மாமா என்று பெயர் வைத்தார்கள். பேச்சைக் கொண்டு, திருக்கோவிலுக்குத் தெற்கே கடற்கரைப் பக்கத்து ஆள் என்று மசூர் எழுதிக் கொடுத்தார். மாமா சங்கேதத்துக்கு எடுத்ததெல்லாம் மீன்தான். நெத்தலி என்றால் நடந்து போகிற படை. சூரை என்றால் வாகனம். பாரை என்றால் என்னவென்று 1998 வரை யாருக்கும் தெரியாது. அந்த வருடம் ஒரு நாள் காலை, முகாமுக்குப் பக்கத்துக் காட்டில் ஒளிந்திருந்த தன் ஆட்களிடம் மாமா சொன்னார்:

“பாரை வருது, பாரை வருது, ஒதுங்கு மருமகன்.”

மசூர் அதை எழுதி முடிக்கவில்லை, முகாமின் மலசலகூடத்தில் ஷெல் விழுந்தது. உள்ளே ஆள் இல்லாதது அதிர்ஷ்டம்.

அடுத்த கிழமை மதியம் அதே வார்த்தை வந்தது. இந்த முறை மசூர் எழுதவில்லை. கத்தினார். ஜயசேனவின் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே விழுந்தார். முகாம் முழுவதும் பதுங்கு குழிகளுக்குப் பாய்ந்தது. சோற்றுத் தட்டோடு பாய்ந்தவர்களில் ஓர் இளம் லெப்டினன்டும் இருந்தார். ஷெல் நேரே சாப்பாட்டு மண்டபத்தின் மேல் விழுந்து சமையற்கூடத்தையும் சேர்த்துக் கொண்டுபோனது. மசூர் ஊருக்குச் சொல்லி வைத்திருந்த வேலைத்தலம் அன்றோடு இல்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து அந்த மீனின் பெயரைக் கேட்டால் இரண்டு பேரின் உடம்பும் மேசைக்குக் கீழே இருக்கும். மனம் பிறகுதான் வந்து சேரும்.

2002இல் சமாதானம் வந்தது. ஒட்டுக்கேட்பது மட்டும் நிற்கவில்லை. மாமா இப்போது மீன் என்று சொன்னால் அது மீன்தான். நெத்தலி விலை, வலை கிழிந்த கதை, மகனின் பள்ளிக்கூடம் எல்லாம் வரும். ஜயசேனவுக்குச் செய்ய வேலை இல்லாததால் தமிழ் படித்தார். படிக்க அவருக்கு வாய்த்த வாத்தியார் ஹெட்போனுக்குள் இருந்த மாமாதான்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, “மருமகன், கடல் ஒரு மாதிரி உள்ள போகுது” என்றது அந்தக் குரல். அதற்குப் பிறகு செட்டில் இரைச்சல் மட்டும் கேட்டது.

மசூரின் வீடு சாய்ந்தமருதுக் கடற்கரையிலிருந்து மூன்றாவது வீதி. அவரும் ஜயசேனவும் ஒரு லொறியில் ஏறிப் புறப்பட்டார்கள். வழியில் சோதனைச் சாவடியில், வழக்கம்போல ஜயசேனவை விட்டார்கள், சாதாரண உடுப்பில் இருந்த மசூரை இறக்கினார்கள். மசூரின் கைகள் உயர்ந்தன. ஜயசேன தானும் இறங்கி, தன் கைகளையும் உயர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். சீருடை போட்ட ஒரு சார்ஜன்ட் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் அந்தப் பையன்களுக்கு விஷயம் விளங்கியது.

ஆசியா உம்மா பள்ளிவாசல் மாடியில் இருந்தார். எட்டு வயது மகள் றினோஸா அவரோடு இல்லை. கண்டெடுத்தபோது, தூக்குவதற்கு மசூருக்குக் கை வரவில்லை. ஜயசேனதான் தூக்கினார்.

முகாமுக்குத் திரும்பிய பிறகும் பல நாட்கள் செட்டில் மறுபக்கத்து மருமகன்கள் மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா, கேக்குதா, மாமா. பதில் இல்லை. கடல் கொண்டு போய்விட்டது என்று மசூர் எழுதினார். எழுதிவிட்டு, இன்னாலில்லாஹி என்று முணுமுணுத்தார்.

“யாருக்கு ஓதுகிறாய்?” என்று சிங்களத்தில் கேட்டார் ஜயசேன.

“மாமாவுக்கு.”

“அவன் எதிரியில்லையா?”

“இத்தனை வருசம் தினமும் கதைத்த மனிதன்.”

“உன்னோடா கதைத்தான்?”

“நான்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.”

அதிகாரி அன்று மாலையும் அதே கேள்வியைக் கேட்டார். உண்மை சேர் என்றார் ஜயசேன.

மசூர் பென்சனில் வந்து இரண்டு வருடம் வரை ஊருக்கு அவர் கோக்கிதான். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஜூனில் ஒரு நாள், விளையாட்டுக் கழகத்தின் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அன்று சோற்றுத் தட்டோடு பாய்ந்த லெப்டினன்ட், இன்றைக்கு மேஜர். யுத்தம் முடிந்துவிட்டதால் இனிச் சொல்லலாம் என்று எல்லாவற்றையும் சொன்னார். நாற்பது உயிர்களைக் காப்பாற்றிய மனிதர் உங்கள் ஊரில் இருக்கிறார், அவருக்கு ஒரு பாராட்டு வைக்க வேண்டும் என்றார். கழகச் செயலாளர் றஸாக்குக்குப் பாராட்டு விழா என்றால் உயிர். ஆளைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், பொன்னாடை கைவசம் இருக்கிறது என்றார்.

செய்தி மசூர் வீட்டுக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

“றினோஸாட வாப்பா,” என்றார் ஆசியா உம்மா. மகள் போன பிறகும் அவர் கணவனை அப்படித்தான் கூப்பிடுவார். “நீங்க கோக்கி இல்லையாமே.”

“இல்லதான்.”

“அந்த முட்டையத் தின்னுற வரைக்கும் நான் என்ட சமையலுக்கு வெக்கப்பட்டுட்டு இருந்தன். இவரு கோக்கி, இவருக்கு நம்மட கறி புடிக்குமா எண்டு.”

“நல்லாத்தானே இருந்திச்சு.”

“கதைக்காதீங்க. விழாவுக்கு மீன் பொரிக்கிறது நீங்கதான். றஸாக்கிட்ட சொல்லிட்டன்.”

அவர் சொன்னால் சொன்னதுதான். விழாச் சாப்பாடு சஹனில். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றிவர ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது இந்த ஊர்களின் வழக்கம். இறைச்சிக்குப் பதிலாகப் பொரித்த மீன் என்று முடிவானது, மேஜர் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார் என்பதால்.

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை காலை மசூர் பையோடு கல்முனை மீன் சந்தைக்குப் போனார். நல்ல சனம். வாசலுக்கு முதுகு காட்டிக்கொண்டு இறால் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு குரல், கூடை இறக்க வழி கேட்டது.

“பாரை வருது, பாரை வருது, ஒதுங்கு மருமகன்.”

மசூர் ஈரத் தரையில் முகம் குப்புறக் கிடந்தார். தலைக்கு மேல் மீன் பை. சந்தை முழுவதும் சிரித்தது.

“ஆமிக்காரர் பாரைக்குப் பயந்திட்டாரு.”

“அது செத்த மீன், காக்கா. கடிக்காது.”

சிரிக்காத ஆள் ஒருவர்தான். கூடையைத் தலையில் வைத்தபடி வாசலில் நின்ற மீன்காரர். ஐம்பது வயதிருக்கும். வெற்றிலை மென்ற வாய் பாதியில் நின்றது. மசூர் எழும்பிச் சேர்ட்டைத் தட்டினார்.

“ஏன் காக்கா விழுந்த?” என்று மெல்லக் கேட்டார் மீன்காரர். முன்பற்களின் இடையில் காற்று நுழைந்தது.

“வழுக்கிட்டு.”

“வழுக்கினவன் தலைக்கு மேல பையப் புடிக்கமாட்டான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாரை என்ற சொல்லுக்கு விழுந்து படுக்கிற மனிதன், அந்தச் சொல்லை எங்கிருந்து கேட்டிருப்பான் என்று மீன்காரருக்கு விளங்கிவிட்டது. மீன்காரர் கூடையை இறக்கவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தார்.

மறுநாள் பின்னேரம் அவராகவே மசூரின் வேலியில் வந்து நின்றார். பெயர் சீனித்தம்பி, வினாயகபுரம். கையில் ஒரு பாரை, தாளில் சுற்றியிருந்தது.

“காக்கா, இது லஞ்சம் இல்ல. வெறுங்கையோட வர வெக்கமா இருந்திச்சு. என்னக் காட்டிக் குடுக்கிறதெண்டா இஞ்ச வச்சே குடுங்க. ஜீப் ஊருக்கு வந்தா என்ட பொஞ்சாதி நேசம்மா தாங்கமாட்டா. மகனக் கடல் கொண்டு போன நாள்ல இருந்து அவவுக்கு வாகனச் சத்தம் ஆகாது.”

“எத்தின வயசு மகனுக்கு?”

“பதினொண்டு.”

மசூர் படலையைத் திறந்தார். சீனித்தம்பி உள்ளே வரவில்லை. நின்றபடியே சொன்னார். அன்று செட்டும் போனது, செட் வைத்திருந்த குடிலும் போனது. மகனைத் தேடிக் கிடைத்த பிறகு திரும்பிப் போகவில்லை. அவர்கள் செத்துவிட்டார் என்று விட்டுவிட்டார்கள். அவரும் திருத்தவில்லை. இப்போது யுத்தம் முடிந்து, அந்தப் பக்கம் இருந்தவர்களையெல்லாம் தேடித் தேடி ஏற்றுகிறார்கள்.

“நீங்க மவுத்தாகி நாலரை வருசம், மாமா,” என்றார் மசூர். “நான்தான் எழுதிக் குடுத்த. உங்களுக்கு ஓதியும் போட்டன்.”

சீனித்தம்பி வேலியோரம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“அப்ப அந்த ஓதினது வீணாப் போயிட்டே.”

“வச்சிருங்க. மறுகா தேவைப்படும்.”

சீனித்தம்பி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வேறொரு சிக்கலும் இருந்தது. விழாவுக்கு மீன் தரச் சொல்லி றஸாக் பிடித்திருந்தது இவரைத்தான். முன்னமே பேசி முடித்தாயிற்று.

“வராம நிண்டிரவா?”

“வராட்டித்தான் ஏன் வரல்ல எண்டு தேடுவாங்க. கொண்டு வந்து இறக்கிட்டுப் போங்க. வாய மட்டும் திறக்காதீங்க. மேஜர் உங்கட குரலக் கேட்டதில்ல, என்ட எழுத்தத்தான் பாத்த. உங்கட குரல் தெரிஞ்ச ஆள் ரெண்டு பேர்தான். ஒண்டு நான். மத்த ஆள் அனுராதபுரத்தில.”

உள்ளே கதவு மறைவிலிருந்து ஆசியா உம்மா கேட்டுக்கொண்டிருந்தார். சீனித்தம்பி போன பிறகு வெளியே வந்து மீனை வாங்கிக்கொண்டார்.

“ஆரு அந்த ஆள்?”

“மீன்காரர்.”

“நீங்க கோக்கியா இருந்த மாதிரி மீன்காரரா?”

மசூர் படலையைச் சாத்தப் போனார். ஆசியா உம்மா இரண்டாம் தரம் கேட்கவில்லை. மீனைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே, “பதினொரு வயசெண்டா நம்மட புள்ளய விட மூத்தவன்” என்றார்.

விழா அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சனம் மைதானத்தில் கூடியது. மேஜர் வருவதால் வாசலில் இரண்டு சிப்பாய்கள் எல்லோரையும் சோதித்தார்கள். விழா நாயகர் வெள்ளைச் சேர்ட்டில் வந்தார். சிப்பாய் வாய் திறக்கும் முன்பே கைகளை உயர்த்தினார். பொக்கற்றைத் தடவிப் பேனையை எடுத்து வைத்துக்கொண்டார்கள். மேடையில் அவருடைய படம் ஆறடி உயரத்தில் தொங்கியது. சிப்பாய்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஜீப் வந்தது. மேஜர் இறங்கினார். பின்னால் இறங்கிய ஆள் கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்து மசூரைக் கட்டிக்கொண்டார்.

“மச்சான், நான் வருவது உனக்குத் தெரியக்கூடாது என்று மேஜர் சொன்னார்.”

ஜயசேன. மசூர் அவருடைய தோளுக்கு மேலால் வாசலைப் பார்த்தார். அதுவரை மீன் வரவில்லை.

மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். ஊர்க் கவிஞர் ஸஹீத் மாஸ்டர் வாழ்த்துப்பா வாசித்தார். அவர் அதைப் போன வருடம் ஒரு கலியாணச் சமையற்காரரின் பாராட்டுக்கு எழுதி வைத்திருந்தார், விழா நடக்கவில்லை. இப்போது அகப்பை என்று இருந்த இடங்களில் ஆயுதம் என்று மாற்றியிருந்தார். மோனை தப்பவில்லை. ஆனால் ‘ஆயுதத்தால் கிண்டினாய், ஊர் வயிறு நிறைந்தது’ என்ற வரியில் மேஜரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு மேஜர் பேசினார். சிங்களத்தில் அவர் சொல்லச் சொல்ல, ஜயசேன ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார். முதல் வசனத்திலேயே மைதானம் கலகலத்தது.

“மருமகன், கேக்குதா? மேஜர் சொல்றாரு, இந்த மசூர் இல்லாட்டி நாங்க எல்லாரும் முடிஞ்சம் மருமகன்.”

அனுராதபுரத்துச் சார்ஜன்ட், திருக்கோவில் கரையில் வலை இழுத்தவர் போலக் கதைத்தார். சரியாக அந்த நேரம் தலையில் மீன் பெட்டியோடு சீனித்தம்பி வாசலுக்கு வந்தார். தன்னுடைய பேச்சு நாலு ஒலிபெருக்கியில் தனக்கு முன்னால் வந்து நிற்பதைக் கேட்டு, காலை எடுத்து வைக்க முடியாமல் நின்றார்.

“தன்னை நம்பாத இடத்தில் இருந்துகொண்டு எங்களைக் காப்பாற்றினார்,” என்றார் மேஜர். “அதற்கு நாங்கள் நன்றி சொல்ல இவ்வளவு காலம் எடுத்தது எங்கள் பிழை.” அதை ஜயசேன மருமகன் சேர்க்காமல் சொன்னார். மைதானம் அமைதியானது. மசூர் பொன்னாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்த வசனம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

றஸாக்குக்கு அந்த அமைதி நல்லதாகப் படவில்லை. சாப்பாடு பிந்துகிறது. இரண்டாவது மைக்கில் வாசலைப் பார்த்துக் கேட்டார்:

“என்ன மீன் அது? சூரையா?”

சீனித்தம்பி இல்லையென்று கையை ஆட்டினார்.

“வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? சூரையெண்டா திருப்பி அனுப்பிருவன். சொல்லு.”

சனம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிப்பாய்களும் திரும்பிப் பார்த்தார்கள். இனி வாய் திறக்காமல் நிற்பதுதான் ஆபத்து.

“பாரை,” என்றார் சீனித்தம்பி.

மேடையில் இரண்டு பேரைக் காணவில்லை. மேசை விரிப்புக்குக் கீழே ஒரு பொன்னாடையும் ஒரு சீருடையும் தெரிந்தன. உள்ளே முகத்துக்கு முகம் நேராகக் கிடந்த மசூரும் ஜயசேனவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மசூரின் கண் கெஞ்சியது.

வெளியே வந்தார்கள். மேஜர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

“என்ன இது?”

“பழைய பழக்கம் சேர்,” என்றார் ஜயசேன. “அந்த மீனின் பெயரைக் கேட்டால் உடம்பு நிற்காது.” சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தார். பெட்டியோடு நின்ற மனிதரின் முகம் சாம்பலாக இருந்தது.

மேஜர் சிரித்துவிட்டார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல மசூரின் பக்கம் திரும்பினார்.

“அந்த மாமா. அவன் உயிரோடு இருந்தால் இன்றைக்கே ஏற்றிக்கொண்டு போய் நிறையக் கேட்பேன். உண்மையிலேயே செத்துவிட்டானா?”

“கடல் கொண்டு போயிட்டு சேர்,” என்றார் மசூர். சிங்களத்தில் சொல்ல வேண்டியது தமிழில் வந்துவிட்டது.

ஜயசேன அதைச் சிங்களத்தில் சொன்னார். மேஜர் அவரைப் பார்த்தார்.

“இவன் சொல்வது உண்மையா?”

வருடக்கணக்காக மாலைதோறும் கேட்ட கேள்வி. மசூர் பொய் சொன்னால் பிடிப்பதற்கென்று சம்பளம் கொடுத்து வைத்த ஆள் ஜயசேன. மசூர் அவருக்கு முன்னால் ஒரு பொய் சொன்னது இதுதான் முதல் தரம்.

ஜயசேன மசூரைப் பார்த்தார். வாசலை இன்னொரு தரம் பார்க்கவில்லை.

“உண்மை சேர்,” என்றார்.

மேஜர் சாப்பாட்டை முகாமுக்குக் கட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னம் போனார். ஜயசேன காலையில் வருவதாகச் சொல்லி நின்றுகொண்டார். கழகத்துக்குப் பின்னால் மசூர் பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு மீன் பொரித்தார். ஆசியா உம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையிடாதது அன்றைய சாப்பாட்டுக்கு நல்லதாக முடியவில்லை.

சஹன் வைத்தார்கள். மசூரின் தட்டில் ஜயசேன, றஸாக், ஸஹீத் மாஸ்டர், பள்ளிவாசல் மோதினார் என்று மசூரோடு ஐந்து பேர். ஐந்து பேரோடு சஹன் தொடங்கினால் றஸாக்குக்குப் பொறுக்காது. பெட்டியைக் கழுவிக்கொண்டு நின்ற சீனித்தம்பியின் கையைப் பிடித்து இழுத்து வந்து ஜயசேனவுக்குப் பக்கத்தில் இருத்தினார்.

ஆறு கைகள் ஒரு தட்டில் போயின. சீனித்தம்பி தலையைக் குனிந்து, சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். ஜயசேன மீனில் ஒரு நல்ல துண்டை உடைத்து அவர் பக்கம் தள்ளினார்.

“மருமகன், கேக்குதா?” என்றார். “சாப்பிடு.”

சீனித்தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

“கேக்குது,” என்றார் சீனித்தம்பி. மீனை வாயில் வைத்தார். மென்றார். கொஞ்சம் பொறுத்து, முன்பற்களின் இடையில் காற்று நுழையக் கேட்டார்:

“இந்த மீன ஒருக்காக் கொன்ற ஆள் நான். ரெண்டாம் தரம் கொன்றது ஆரு?”

“கோக்கி,” என்றார் றஸாக்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஆசியா உம்மா சிரித்தது தட்டுக்குத் தட்டுக் கேட்டது. ஜயசேன சிரிப்பில் இருமி, மோதினார் முதுகில் தட்டிவிட வேண்டியதாயிற்று.

அடுத்த சனிக்கிழமை காலை சீனித்தம்பி கல்முனைச் சந்தைக்கு வந்து, பழைய இடத்திலேயே கூடையை இறக்கினார்.